சருகுக்குள் தூங்கும் கத்திவால்

14 ஜூலை 1978, வெள்ளி

சருகு வண்டி இன்றும் மதியத்துக்கு மேல்தான் வந்தது. காலையிலிருந்து கொப்பரையில் தண்ணீரை நிரப்பி, சோப்பைக் கரைத்து, பெங்களூரிலிருந்து வந்த கச்சாப் பட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். சின்னபொண்ணு வண்டியிலிருந்து இறங்கியதும் பிடித்துக்கொண்டேன். ஆரணியை அடுத்த திருமலைக்கு இந்தப் பக்கத்துக் குன்றடிக் காட்டில் சருகு வாரும் பெண்களுக்கெல்லாம் அவள்தான் மேஸ்திரி மாதிரி.

"மழ தூறிச்சிம்மா. ஈரச் சருக வாரியாந்தா நீங்களே திட்டுவீங்க, காய வெச்சி எடுத்தாந்தா லேட்டுன்னு திட்டுறீங்க. நாங்க இன்னாதான் பண்றது?" என்றாள்.

அவள் சொன்னது சரி. வாயை மூடிக்கொண்டேன். எனக்கு இது அடிக்கடி நடப்பதில்லை.

ஆரணியில் மற்ற சாயப்பட்டறைகளில் விறகு எரிக்கிறார்கள். எங்கள் பட்டறையில் மட்டும் சருகு. விறகுத் தீ தன் இஷ்டத்துக்கு எரியும். சருகுத் தீ என் கை சொன்னபடி கேட்கும், போட்டால் எழும், நிறுத்தினால் அடங்கும். வெளிர் நிறங்களில் என்னை அடிக்க இந்த ஊரில் ஆள் இல்லை என்றால் அதற்குப் பாதிக் காரணம் இந்தச் சருகு. மீதிப் பாதி நான்.

எழுத வந்தது வேறு. அடுப்பில் போட அள்ளிய சருகில் விரல்நுனி அளவுக்கு ஏதோ தட்டுப்பட்டது. காய்ந்த இலைத்துண்டு போல மண் நிறம், முதுகில் ஒரு சின்னக் கொம்பு. உள்ளங்கையில் வைத்ததும் லேசாக நெளிந்தது. பட்டுக்காரிக்குக் கூட்டுப்புழு தெரியாமல் போகுமா? பட்டுப்புழு நூலுக்குள் ஒளிந்துகொள்ளும். இதற்கு நூலும் இல்லை, ஒன்றும் இல்லை, வெறும் மேனியாகக் கிடக்கிறது. உயிரோடு இருக்கிறது, அது நிச்சயம்.

பாதிக் கூடையை அதற்குள் அடுப்பில் போட்டுவிட்டிருந்தேன்.

15 ஜூலை

மீதிச் சருகை முறத்தில் போட்டுப் புடைத்துப் பார்த்தேன். இன்னும் நான்கைந்து கிடைத்தன. சரிகை வரும் அட்டைப் பெட்டியில் பஞ்சு பரப்பி, அடுப்புக்கு மேலே உள்ள பலகையில் வைத்திருக்கிறேன். பட்டை ஈரம் தொடாமல் வைக்கும் பலகை அது. இவற்றுக்கும் அதே மரியாதை.

பத்துப் பன்னிரண்டு நாளில் வெளியே வந்துவிடும். பட்டுப்பூச்சிக்கு அவ்வளவுதான் கணக்கு.

6 ஆகஸ்ட்

வரவில்லை. என் வீட்டுக்காரர் பெட்டியை எட்டிப் பார்த்துவிட்டு, "உள்ள இருக்கிறவரு ஊருக்குப் போயிட்டாரா?" என்கிறார். சிரிக்கட்டும்.

10 செப்டம்பர், ஞாயிறு

இன்று வண்டியோடு நானே குன்றடிக்குப் போனேன். கூடு எங்கிருந்து வருகிறதென்று பார்க்காமல் எனக்குத் தூக்கம் வராது.

ஓடையை ஒட்டி நெடுநாரை மரங்கள். பட்டையை உரித்து நார் எடுப்பார்களே, அந்த மரம். சுற்றிலும் எல்லாம் முள்ளும் பாறையுமாக இருக்க, இந்த ஓடைக்கரையில் மட்டும் நல்ல நிழல். சின்னபொண்ணு சொன்னாள்: "ஆனி மாசத்துல இந்த மரத்தாண்ட வேல செய்ய முடியாதும்மா. புழுவா உதிரும், கழுத்துல, முதுகுலன்னு. அப்புறம் எங்கியோ பூடும்."

எங்கே போகும்? கீழேதான் இறங்கும். ஒரு மரத்தடியில் வேர் இடுக்கிலிருந்த கல்லைப் புரட்டினேன். அதே கூடு. பக்கத்தில் இன்னொன்று.

எனக்கு உடனே கத்திவால் பட்டாம்பூச்சி ஞாபகம் வந்தது. அந்தப் பெயர் நான் வைத்ததுதான். சித்திரையில் இந்த ஓடை மணலில் வந்து உட்காருமே, வெள்ளையில் ஒரு சொட்டுப் பச்சை கலந்த இறக்கை, அதன்மேல் கறுப்புப் பட்டை, பின்னால் கத்தி மாதிரி நீண்ட வால். அந்தப் பச்சையைப் பட்டில் கொண்டுவர நானும் பல வருஷமாகப் பார்க்கிறேன், வரவில்லை. ஆரணிப் பக்கம் வேறு எங்கும் அதை நான் கண்டதில்லை. ஒரு மாதம் தெரியும், பிறகு அடுத்த சித்திரைதான். நான் முதலில் பார்த்த வருஷம் மணல் கண்ணுக்கே தெரியவில்லை, அப்படி மொய்த்திருந்தது. போன சித்திரையில் அங்கொன்று இங்கொன்று.

புழு ஆனியில். கூடு ஆடியில். பூச்சி சித்திரையில். நடுவில் உள்ள மாதமெல்லாம் எங்கே இருக்கும்? இங்கேதான். இந்தச் சருகுக்குக் கீழே, தூங்கிக்கொண்டு.

தரையைப் பார்த்தேன். வாசல் பெருக்கியதுபோல் சுத்தமாக இருந்தது. கல்லிடுக்கில் இருந்தது மட்டும்தான் மிச்சம். மற்றதெல்லாம் வண்டி வண்டியாக என் அடுப்புக்கு வந்திருக்கிறது.

அது குறைந்ததற்கு வேறு யாரையும் தேட வேண்டியதில்லை.

11 செப்டம்பர்

சாப்பிடப் பிடிக்கவில்லை. கொப்பரையில் பட்டு வெந்துகொண்டிருந்தபோது அடுப்பைப் பார்க்கவே முடியவில்லை. பட்டுத் தொழிலில் புழு சாகாமல் நூல் இல்லை, அது தெரிந்துதான் இந்தத் தொழிலில் இருக்கிறேன். ஆனால் அதிலாவது ஒரு புடவை வருகிறது. இதில் எனக்கு என்ன வந்தது — சாம்பல்.

6 அக்டோபர்

அவரிடம் சொல்லிவிட்டேன். குன்றடிச் சருகு இனி வேண்டாம், உமி வாங்குவோம். ஆரணியில் அரிசி மில்லுக்கா பஞ்சம், மலை மலையாக உமி கொட்டிக் கிடக்கிறது.

"உமி சாம்பல் பறக்கும், பட்டுல ஒட்டும். உனக்கு இன்னா ஆச்சி கன்னியம்மா?" என்றார்.

கூட்டைக் காட்டினேன். "இது கத்திவாலு. நாமதான் எரிச்சிகினு இருக்கோம்."

"இது கத்திவாலுன்னு யார் சொன்னது?"

"நான் சொல்றேன்."

"இது செத்துப்போனதுன்னு நான் சொல்றேன். மூணு மாசமா ஒரு கூடு திறக்காம இருக்குமா? பட்டுக்காரன் வீட்டுல பொறந்தவதான நீயி?"

பாவு வாங்க வந்திருந்த நெசவாளர்கள் இரண்டு பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்கள் முன்னால் ஒரு முடிவு செய்தோம். சித்திரைக் கோடைமழை வரை உமி. அதற்குள் பெட்டியில் இருப்பது கத்திவாலாக வெளியே வந்தால், குன்றடிச் சருகை எங்கள் பட்டறை இனித் தொடாது. வராவிட்டால் பழையபடி வண்டி வரும், நான் வாய் திறக்கக் கூடாது.

வரும். எனக்குச் சந்தேகமே இல்லை.

8 அக்டோபர்

சின்னபொண்ணு வந்தாள். வண்டியோட்டி வீரன் போய்ச் சொல்லியிருக்கிறான். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"ஒரு பூச்சிக்காண்டி எங்க வயித்துல அடிக்கிறியாம்மா?"

எப்போதும் "நீங்க" என்று பேசுகிறவள். "நீ" என்று வந்ததும் எனக்கு உறைத்தது. ஏரிக்கரைப் புங்கன் சருகைக் கொண்டு வா, அடுப்பு மூட்ட வாங்கிக்கொள்கிறேன் என்றேன். அதற்குள் திரும்பி நடந்துவிட்டாள். என் பக்கம் நியாயம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அவள் பக்கமும் இருக்கிறதே, அதை என்ன செய்வது?

12 அக்டோபர்

அவள் வரமாட்டாள் என்று தெரிந்து நானே போனேன். அவர்கள் தெருவுக்குள் நான் போனது இதுதான் முதல் தடவை. எல்லாரும் வெளியே வந்து பார்த்தார்கள். தண்ணீர் கொடுக்கலாமா என்று அவள் தயங்கினாள். நானே கேட்டு வாங்கிக் குடித்தேன்.

"சித்திர வரைக்கும் பொறுத்துக்க. மத்த எடத்துச் சருகு எவ்ளோ வந்தாலும் எடுத்துக்கிறேன். நெடுநாரைத் தோப்ப மட்டும் விட்டுடு" என்றேன்.

"கூடு தொறக்கலன்னா?"

"தொறக்கும்."

"இவ்ளோ கெட்டியா சொல்றீங்களே" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். மறுபடியும் "நீங்க" வந்துவிட்டது. ஒப்புக்கொண்டாள்.

21 நவம்பர்

விடாத மழை. தெருவெல்லாம் சேறு, பட்டு காயவில்லை. பெட்டிக்கு மட்டும் ஒரு சொட்டு ஈரம் படவிடவில்லை. பஞ்சை மாற்றினேன். அடுப்புச் சூடு பலகைக்கு நன்றாக ஏறுகிறது. ராஜா வீட்டுப் பிள்ளைபோல் வைத்திருக்கிறேன்.

உமி சாம்பல் உண்மையாகவே பறக்கிறது. அவரிடம் ஒப்புக்கொள்ளவில்லை.

17 ஜனவரி 1979

பொங்கலுக்கு வந்த உறவுக்காரர்களுக்கெல்லாம் அவர் பெட்டியைத் திறந்து காட்டிவிட்டார். "எங்க வீட்டு விருந்தாளிங்க, எழுந்துக்கவே மாட்டேங்கிறாங்க." எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சித்திரையில் நான் சிரிப்பேன்.

3 மார்ச்

கையில் எடுத்தால் கனமே இல்லையே. முன்பு இப்படியா இருந்தது?

20 ஏப்ரல்

மதியம் இடி. பிறகு நல்ல மழை. மண்வாசனை வீட்டுக்குள் வரை வந்தது. கோடைமழை வந்துவிட்டது. பெட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

22 ஏப்ரல், ஞாயிறு

வரவில்லை.

ஒன்றை நகத்தால் கீறிப் பார்த்தேன். உள்ளே தூள். இன்னொன்று, அதுவும் தூள். எல்லாமே. எல்லாமே செத்துக் கிடந்ததுங்க. எப்பத்துலேர்ந்து செத்துக் கிடக்குதோ. நான் பாட்டுக்குப் பஞ்சு மாத்திகினு, சூடு பாத்துகினு —

எங்கே தப்பு செய்தேன்? நாள் முழுக்க அதே யோசனை. மாலையில் பலகையில் வைத்த பட்டைக் கீழே இறக்கினேன். மொறமொறவென்று காய்ந்திருந்தது. அப்போதுதான் புரிந்தது. பட்டுக்கூடு என்றால் ஈரம் ஆகாது, பூஞ்சை பிடிக்கும், நூல் அறும். பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்த பாடம். அதையே இதற்கும் செய்தேன். காட்டில் இது மண்ணில் அல்லவா கிடக்கிறது! ஐப்பசி மழை, மார்கழிப் பனி எல்லாம் இதன்மேல்தானே இறங்குகிறது. அதெல்லாம் வேண்டித்தான் அங்கே கிடக்கிறது. நான் அடுப்புக்கு மேலே வைத்துக் காயப்போட்டுக் கொன்றிருக்கிறேன். வேறு யாராவது, ஒன்றும் தெரியாதவர்கள், தொட்டியில் போட்டிருந்தால்கூடப் பிழைத்திருக்கும். பட்டுக்காரி கையில் கிடைத்ததுதான் அதன் கெட்ட நேரம்.

அழுகை வந்தது. அழுதேன்.

அவர் கேலி செய்வார் என்று நினைத்தேன். செய்யவில்லை. "வண்டிக்குச் சொல்லட்டுமா?" என்றார்.

"ரெண்டு நாள் பொறுங்க" என்றேன்.

"எதுக்கு?"

"தோத்தது நான். அது தோத்துச்சான்னு போய்ப் பாக்கணும்."

24 ஏப்ரல்

விடிந்ததும் வீரனின் வண்டியில் குன்றடிக்குப் போனேன். சின்னபொண்ணு ஏற்கெனவே தோப்பில் இருந்தாள். கூடு செத்த செய்தி அவளுக்கு முன்பே போய்ச் சேர்ந்திருக்கிறது. கையில் சருகு வாரும் கம்பும் கூடையும். இன்று நான் வந்து "வாரிக்கொள்" என்பேன் என்று காத்திருந்தாள். ஆறு மாதமாகக் கைவைக்காத சருகு கணுக்கால் வரை கிடந்தது. அவளுக்கு அது கூலி. மறைக்கவும் இல்லை, ஆசையாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒரே ஒரு மரத்தடி பாத்துட்டு சொல்றேன்" என்றேன்.

மண் இன்னும் ஈரமாக இருந்தது. இரண்டு பேரும் குத்துக்காலிட்டு உட்கார்ந்து சருகை விலக்கினோம். ஒன்றுமில்லை. அடுத்த மரம். ஒரு கூடு, முதுகு பிளந்து, காலியாக. நான் அதை எடுப்பதற்குள் சின்னபொண்ணு என் கையைப் பிடித்தாள்.

அவள் முழங்காலுக்குப் பக்கத்தில் ஒரு புல்தண்டில் ஏதோ ஏறிக்கொண்டிருந்தது. நனைந்து, கசங்கி, பிழியாத துணி மாதிரி. புல்நுனிக்குப் போய்த் தொங்கியது. பார்த்துக்கொண்டே இருந்தோம். இறக்கை கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. முதலில் கறுப்பு, பிறகு அந்தப் பச்சை, கடைசியில் சுருண்டிருந்த வால் நீண்டது.

கத்திவால்.

"இத்தயா நாம்ப வாரிகினு வந்தோம்?" என்றாள் சின்னபொண்ணு. நான் தலையாட்டினேன். அவள் மெல்ல எழுந்து, மிதித்துவிடுவோமோ என்று ஒவ்வொரு காலாகப் பார்த்து வைத்து வெளியே போய், கம்பைக் கூடைக்குள் போட்டாள்.

வெயில் ஏறியதும் ஓடை மணலில் வந்து உட்கார்ந்தன. நிறைய இல்லை. கல்லிடுக்கில் தப்பியவை. போதும். இதுவரை பார்த்த சித்திரைகளில் எனக்கு இதுதான் பெரிய சித்திரை.

25 ஏப்ரல்

காலிக்கூட்டைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தேன். பக்கத்தில் பெட்டியில் செத்ததையும் வைத்தேன். நூல் பார்க்கும் கண்ணாடியை எடுத்துவந்து இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். அதே கொம்பு, அதே வரி.

"கண்ணால பாத்தியா?"

"சின்னபொண்ணும் பாத்தா."

"பெட்டியில இருந்தது வரலியே. அதுதான பேச்சு?"

"அதுதான் பேச்சு. நான் தோத்துட்டேன். வண்டிக்குச் சொல்லணும்னா சொல்லிக்கோங்க."

கண்ணாடியை மடக்கி வைத்தார். "மில்லுல உமிக்குச் சொல்லி வெக்கிறேன். சாம்பல் பறக்காம இருக்கத் தகரம் அடிச்சித் தர்றியான்னு அய்யாக்கண்ணு ஆசாரியையும் ஜல்தியா கேக்கணும்" என்றபடி சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். இந்த மனுஷனை நான் எத்தனை வருஷமாகத் திட்டிக்கொண்டிருக்கிறேன்!

18 மே

சின்னபொண்ணும் அவள் கூட்டாளிப் பெண்களும் பட்டறைக்கு வந்து உட்கார்ந்தார்கள். இந்தத் தடவை உட்கார்ந்தார்கள். நான் யோசித்து வைத்திருந்ததைச் சொன்னேன். பூச்சி வெளியே வந்தபின், புழு கீழே இறங்கும்வரை தரை காலிதான். சித்திரைக் கடைசியிலிருந்து வைகாசி முடியும் வரை வாரிக்கொள்ளுங்கள், மாசியில் உதிர்ந்த சருகெல்லாம் நன்றாகக் காய்ந்து கிடக்கும். ஆனி பிறந்தால் தோப்புக்குள் கம்பு போகக் கூடாது.

"வைகாசியில வாரினது எல்லாத்தையும் நீங்களே எடுத்துக்கணும்" என்றாள் சின்னபொண்ணு. "மழ வந்தா கொட்டகையில நீங்கதான் வெச்சிக்கணும். மத்த மாசத்துல ஏரிக்கரைச் சருகு. இதுக்கு சரின்னா, அதுக்கு சரி."

பேரத்தில் அவளை ஜெயிக்க முடியாது. சரி என்றேன். அவளோடு வந்த காத்தாயி, "யாராவது வேத்தாளு வந்து வாரினா?" என்று கேட்டாள். சின்னபொண்ணு அவளைத் திரும்பிப் பார்த்த பார்வையே பதில்.

27 ஏப்ரல் 1980

கத்திவால் மொய்த்ததில் ஓடை மணல் பாதி மறைந்திருந்தது. அவரையும் கூட்டிப் போனேன். காலை ஓடையில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார். கிளம்பும்போது, "அந்தப் பச்ச உனக்கு வராது" என்றார். வரும்.

4 மே 1981

வந்தது. பச்சை. மூன்றாவது தடவை சாயத்தில் முக்கியதில், உமித் தீயில். காஞ்சிபுரத்து வியாபாரி அதே நிறத்தில் இன்னும் கேட்கிறார்.

24 நவம்பர் 1982

இந்த வருஷம் மழையே இல்லை. ஏரி வெடித்துக் கிடக்கிறது. அரைக்க நெல் இல்லாமல் மில்லெல்லாம் மூடிக் கிடக்கிறது. நெல் இல்லாவிட்டால் உமி ஏது? கொட்டகையில் இருந்த வைகாசிச் சருகும் தீர்ந்தது. ஏரிக்கரையில் மரமே மொட்டை. தை முகூர்த்தத்துக்கு அந்தப் பச்சையில் பெரிய ஆர்டர், விறகுத் தீயில் அது சரியாக விழாது என்று எனக்குத் தெரியும். நல்ல பேஜார்.

ஒரே ஒரு வண்டி. தோப்பின் ஓரத்திலிருந்து மட்டும். ஒரு வண்டியில் என்ன கெட்டுவிடப் போகிறது?

வீரனை அனுப்பியிருக்கிறேன்.

25 நவம்பர்

வண்டி காலியாகத் திரும்பி வந்தது. "தரமாட்டன்றாங்கம்மா. நீங்கதான் அனுப்புனீங்கன்னேன், அம்மா அப்பிடி சொல்லமாட்டாங்க, நீ பொய் சொல்றேன்னு தொரத்துறாங்க" என்றான்.

நாளை நானே போகிறேன்.

26 நவம்பர்

வண்டியைத் தோப்புக்கு வெளியிலேயே நிறுத்தச் சொல்லிவிட்டாள் சின்னபொண்ணு. மாடு மிதித்துவிடுமாம். ஏழெட்டுப் பெண்கள் ஓடைக்கரையில் உட்கார்ந்திருந்தார்கள். வேலை இல்லாத காலம், அவர்களுக்கும் அடுப்பு எரிய வேண்டிய காலம்தான். பின்னால் நெடுநாரைச் சருகு யாரும் தொடாமல் கிடந்தது.

"ஒரு வண்டி. ரெட்டைக் கூலி" என்றேன்.

"கூடு தூங்கினு கீதும்மா."

"எனக்குத் தெரியாதா? நான் சொல்லித்தான உனக்கே தெரியும்?"

"அதான் சொல்றேன். வைகாசியில வாங்க. நானே வாரிக் கட்டி வண்டியில ஏத்தித் தரேன். இப்ப முடியாது."

நான் திட்டினேன். எழுதக்கூடாத வார்த்தையெல்லாம் வந்தது. அவள் எழுந்து வழிவிடவில்லை. காத்தாயி எனக்குத் தண்ணீர் மொண்டு கொடுத்தாள். குடித்தேன். கோபம் எப்போது இறங்கியது என்று தெரியவில்லை. கொஞ்சநேரம் நானும் அவர்களோடு கரையிலேயே உட்கார்ந்திருந்தேன்.

"காலி வண்டியா?" என்றார் அவர், வீட்டு வாசலில்.

"காட்டுக்காரி தரமாட்டேங்கிறா."

என் முகத்தைப் பார்த்தார். நான் சிரித்துக்கொண்டிருந்திருக்கிறேன், அவர் பார்த்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. நான் செத்தாலும் கத்திவால் இருக்கும். இன்று என் மனசு முழுக்க அந்த நிம்மதிதான்.

விறகு போட்டு மூட்டினோம். பச்சை ஒரு பிடி தூக்கலாகத்தான் விழுந்தது. வியாபாரியிடம் அப்படியே சொல்லிக்கொள்ளலாம்.